கல்கௌதாரி போன திசை

நேற்று மதியம் பாறையிலிருந்து லெதுவா விழுந்தபோது அவன் கால் மட்டும் உடையவில்லை. முதுகில் கட்டியிருந்த எங்கள் ஒரே தண்ணீர்க் கேனும் நசுங்கிப் பிளந்தது. சம்புரு காப்புக்காட்டில் வரிக்குதிரை எண்ணும் காவலர்கள் நாங்கள் இருவரும். பையன்களை ஆளாக்கும் விருத்தசேதனச் சடங்கில் ஒரே நாளில், ஒரே கத்திக்கு முகம் சுளிக்காமல் நின்றவர்கள். வாக்கி டாக்கி முன்பே செத்துவிட்டது. மழை பெய்து இரண்டு வருஷம். அவனை வேலமரத்தடியில் கிடத்தியிருந்தேன். இன்று மதியத்துக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் பிழைக்கமாட்டான். அது அவனுக்கும் தெரியும்.

வெயில் ஏறியதும் கல்கௌதாரிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் தெற்கே பறந்தது. காலையில் அவை தண்ணீருக்குப் போகும். இது எங்களில் ஆடு மேய்த்த எவருக்கும் தெரியும். துள்ளி எழுந்தேன்.

"போகலடா, திரும்புதுங்க" என்றான் லெதுவா. "வயிறு நனைஞ்சிருக்கு பாரு. தண்ணி வடக்கால இருக்கு."

அவ்வளவு உயரத்தில் வயிறு தெரிந்ததாம் இவனுக்கு!

"கழுதையை வரிக்குதிரைன்னு எண்ணினவன்தானே நீ. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு, பேசாம கெட."

சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நான் தெற்கே நடந்தேன். என் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கக்கூடாது, அப்படியொரு புத்தி எனக்கு.

இரண்டு மணி நேரம் நடந்தபின் பறவைகள் இறங்கிய இடத்தைக் கண்டேன். வெறும் சரளைக்கல். ஒரு ஆண் கௌதாரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கல்லிடுக்கிலிருந்து இரண்டு குஞ்சுகள் ஓடிவந்து அதன் வயிற்று இறகைச் சப்பின. குஞ்சுகளுக்கு நனைத்துக்கொண்டு வந்த தண்ணீர். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு ஓடினேன், விழுந்தேன், மறுபடி ஓடினேன். மரத்தடியில் அவன் இல்லை. முழங்கை ஊன்றி இழுத்துப்போன தடம் வடக்கே போயிற்று. அதன் முடிவில் வறண்ட ஆறு. மணலில் யானை தோண்டிய குழி, அதில் தண்ணீர், சுற்றிலும் பறவைகள். குழிக்கு இருபது அடி இந்தப் பக்கம் அவன் குப்புறக் கிடந்தான்.

சட்டையைக் கழற்றி நனைத்து ஓடிவந்தேன். அவனைப் புரட்டி வாயில் பிழிந்தேன்.

"நீ சொன்னதுதான்டா சரி. குடிடா."

தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து மணலில் இறங்கியது. தொண்டை அசையவில்லை. நான் மறுபடியும் சட்டையை நனைக்கப் போனேன்.