கட்டியைத் தொடாமல் நின்ற மூன்று நிமிடம்

மயக்க மருந்து டாக்டருக்கு இருபது வருட அனுபவத்தில் அஞ்ச வைக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டென்றால் இதுதான். மேஜையில் படுத்திருந்தவர் பஸ் டிரைவர். இரண்டு வருடமாகத் திடீர் திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடக்கும், சட்டை தொப்பலாக நனையும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். டிப்போவில் 'வேர்வை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பார்த்தவர்களெல்லாம் மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவர் மனைவி மட்டும் விடவில்லை. "இவர் எதுக்கும் பயப்படற ஆளே இல்லைங்க" என்று அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவர் சர்ஜன் மேடம்தான். சோதனை செய்ததில், வலது சிறுநீரகத்தின் மேல் குல்லா போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. நினைத்தபோதெல்லாம் அது ரத்தத்தில் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை வழிக்குக் கொண்டுவந்த பிறகே தேதி குறித்தார்கள்.

"எவ்வளவு பெருசா கிழிப்பீங்க சார்?" என்று ஆபரேஷன் அன்று காலையில் மனைவி மயக்க டாக்டரிடம் கேட்டார்.

"கிழிக்கப் போறதே இல்லைம்மா. சட்டைப் பொத்தான் அளவுக்கு நாலு ஓட்டை. ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவி."

சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கட்டியை லேசாக அழுத்தினாலே போதும், ரத்த அழுத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் போனது. திரையில் ஈரலை மெல்ல ஒதுக்கி, கட்டியின் ஓரத்தைக் கருவி தொட்டதும் மானிட்டர் அலறியது.

"மேடம், பிரஷர் இருநூத்தி நாப்பது!" என்றார் மயக்க டாக்டர்.

மேடம் கருவிகளின் நுனியைக் கட்டியிலிருந்து விலக்கி அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டே நிமிஷ வேலைதான் மேடம், சட்டுனு முடிச்சிடலாமே?" என்றார் உதவி டாக்டர்.

"அவசரம் நமக்கா, அவருக்கா? சார் சொல்லட்டும். அதுவரைக்கும் தொடமாட்டேன்."

மயக்க டாக்டர் மருந்தை ஏற்றினார். ஒரு நிமிடம். இரண்டு. அவசரப்படுத்தி எரிந்து விழும் சர்ஜன்களோடு எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். இந்தம்மா மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. மூன்றாவது நிமிடம் எண் நூற்று நாற்பதுக்கு வந்தது.

"இப்ப, மேடம்."

சுரப்பியிலிருந்து பெரிய ரத்தநாளத்துக்குப் போகும் அந்தச் சிரை விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. கிழிந்தால் ரத்தம் குளமாகிவிடும். மேடம் அதைப் பிரித்தெடுத்த பக்குவத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"கிளிப் போடறேன் சார். இனிமே அழுத்தம் விழும்."

"தயாரா இருக்கேன்."

ஹார்மோன் வரத்து நின்றதும் விழுந்தது; மயக்க டாக்டர் மருந்து ஏற்றித் தாங்கிப் பிடித்தார். கட்டி ஒரு சின்னப் பைக்குள் மூட்டை கட்டப்பட்டு, கொஞ்சம் அகலப்படுத்திய ஓட்டை வழியாக வெளியே வந்தது.

மூன்றாம் நாள் வார்டில் டிரைவர் நடந்துகொண்டிருந்தார். மாத்திரை எதுவுமில்லாமலே ரத்த அழுத்தம் நூற்றிருபது. "நெஞ்சு இருக்கிற இடமே தெரியல சார்" என்று சிரித்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடம் எங்கே என்று கேட்டார்.

"அடுத்த ஆபரேஷன்ல இருக்காங்கம்மா," என்றார் மயக்க டாக்டர். "நானும் அங்கதான் போறேன்." அன்று படிகளை அவர் இரண்டிரண்டாக ஏறினார்.