குடி எவ்வளவு, ஆவி எவ்வளவு

எங்கள் குடியிருப்பில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள், ஊற்றிய தண்ணீருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். கணக்கு உதைத்தால், குறைகிற தண்ணீரை வீட்டிலிருக்கிற ஆட்களிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். மேல்மாடி ஜோதிலிங்கம் சாரை அப்படித்தான் எடுத்தார்கள். அவருடைய மனைவி அவரை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் வெளியே எடுத்து உதறுவார். மற்றபடி அவர்களுக்குள் சண்டை சச்சரவு இல்லை.

நான் இத்தனை நாள் தப்பித்ததற்குக் காரணம் டப்பா. டப்பாவில் வருகிற மால்ட் பாகை, அதாவது முளைகட்டிய பார்லியின் சர்க்கரைப் பாகை, தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்தால் போதும். பீப்பாயில் இருபது லிட்டர் வேண்டும். கொதியில் மூன்று லிட்டர் ஆவியாகப் போகும். பாத்திரத்தின் அடியில் ஒரு லிட்டர் கசடாகத் தங்கும். ஆக இருபத்துநான்கு ஊற்ற வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த முறை புத்தி கெட்டுப்போய்ப் பாதி ஊறல் போட்டேன். அதாவது பாதிச் சர்க்கரை டப்பாவிலிருந்து, பாதி முளைகட்டிய பார்லியிலிருந்து. இரண்டு கிலோ பார்லியை உடைத்துத் துணிப்பையில் கட்டிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். பையைத் தூக்கி வடியவிட்டேன். வடிந்த சாறோடு பாகைச் சேர்த்துக் கொதிக்கவைத்தேன். ஆறவிட்டுப் பீப்பாய்க்கு மாற்றி, மீதித் தண்ணீரையும் ஊற்றி ஈஸ்ட் தூவினேன். தண்ணீர் மொத்தம் இருபத்துநான்கு. பழைய கணக்கேதான்.

பீப்பாயில் பதினெட்டுதான் இருந்தது.

"ஏனுங்க," என்றாள் என் மனைவி பானுரேகா. "ரெண்டு கொறையுதுங்க."

"தெரியுது."

"எங்க போச்சுங்க?"

நான் பார்லிப் பையைப் பார்த்தேன். அது சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதை அங்கே நான் வைக்கவில்லை. வயிறு முட்டக் குடித்திருந்தது. இரண்டு கிலோ பார்லி இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும், திருப்பித் தராது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. தினமும் சோறு வடிக்கிற வீட்டில் இது தெரியாமல் போனது வெட்கக்கேடு.

"இன்னும் ரெண்டு ஊத்தீரலாமுங்களா?"

குழாயைத் திறக்கப் போனேன். அது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. சொன்ன அளவைக் கொடுத்த பிறகு எங்கள் குழாய் முகம் காட்டாது.

படிக்கட்டில் குச்சி தட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்க் கணக்குப் பார்க்கிற அளவுக்காரர் வெள்ளியங்கிரி வருகிறார். எங்கள் மாடிப்படி மற்றவர்களுக்கெல்லாம் நீளும். அவருக்கு மட்டும் குறுகும். அதனால் ஒளிய நேரம் கிடைப்பதில்லை.

அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கையில் மூங்கில் குச்சி. பானு பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"தண்ணி குடிக்கறீங்களாண்ணா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ளார எத்தன லிட்டர் வெச்சிருக்கறீங்க?"

பானு ஓர் அடி பின்னால் போனாள்.

"எத்தன ஊத்துனீங்க சார்?"

"இருபத்திநாலுங்க."

அவர் குச்சியைப் பீப்பாய்க்குள் விட்டு எடுத்தார். "பதினெட்டு. ஆவி?"

"மூணுங்க."

"கசடு?"

"ஒண்ணுங்க."

"குடி?"

குடி என்றால் பார்லி குடித்தது. எனக்குத் தெரியும். இரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் கணக்கு முடிந்தது. ஆனால் இந்தக் கேள்வியை இதற்கு முன் என்னிடம் கேட்டவர்கள் வேறு ஆட்கள். பெண் பார்க்கப் போனபோது பானுவின் பெரியப்பா கேட்டார். இந்த வீட்டை வாடகைக்குக் கேட்டபோது வீட்டுக்காரர் கேட்டார். என் வாய்க்கு ஒரே பதில்தான் பழக்கம்.

"குடியெல்லாம் கெடையாதுங்க."

வெள்ளியங்கிரி பேனாக்கத்தியை எடுத்துக் குச்சியில் கணக்காக ஒரு வெட்டு வெட்டினார். "குடி கெடையாது," என்றார்.

"இல்லீங்க. பார்லி குடிச்சுதுங்க. ரெண்டு லிட்டர்."

"வெட்டியாச்சுங்க."

"அதையே கேட்டுப் பாருங்க."

அவர் நாற்காலியருகே போய்க் குனிந்தார். "நீ குடிச்சயா?"

பை அசையவில்லை. அதன் வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

"குடிச்சவன் எவனுங்க ஒத்துக்கறான்," என்றார் என்னிடம், அனுதாபமாக.

நான் பையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. தரை அதைக் குடித்துவிட்டது.

"குடி இல்லீன்னா ஆவிதானுங்க," என்றார் அவர். "இன்னும் ரெண்டு ஆவி வேணும். ஊட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்க."

"பாருங்க, சரியா வருது. ஆனா ஒருத்தர்கிட்டயே ரெண்டையும் எடுத்துக்கறேன். ரெண்டு பேரையும் எடுத்தா மடிக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா?" அவர் குச்சியைத் துடைத்தார். "யாருங்க?"

நான் என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் இவ்வளவு பயந்ததில்லை. வாயைத் திறந்தேன்.

"நான் குடிக்கறதில்லீங்க," என்றது வாய்.

பானு என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"ஏனுங்க, கீழ்த்தட்டுல வெச்சராதீங்க. அங்க பூச்சி வருது. பட்டுச்சேலையோட வையுங்க."

வெள்ளியங்கிரி குச்சியின் நுனியை அவள் உள்ளங்கையில் வைத்தார். இளநீரின் அடியை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பீப்பாயில் பத்தொன்பது ஆனது. பிறகு இருபது ஆனது.

"இனி அளவு ஒரு நூல்கூட எறங்கப்படாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பானுவை மடித்தேன். அவள் கனமே இல்லை. முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தேன். வளையல்களைக் கழற்றி மேலே வைத்தேன். பட்டுச்சேலைத் தட்டில் இடம் இருந்தது. பீரோவைப் பூட்டவில்லை. பூட்ட மனம் வரவில்லை.

பீப்பாய் மூடியில் காற்றுப் போவதற்கு ஒரு குழாய் உண்டு. நொதிக்கத் தொடங்கினால் அதில் குமிழ் வரும். ஒரு குமிழ் வந்தது.

"ஏனுங்க," என்றது.

"சொல்லு பானு," என்றேன்.

இன்னொரு குமிழ் வந்தது. "ஏனுங்க." குரல் அவளுடையதுதான். காய்கறி நறுக்கிக்கொண்டே கூப்பிடுகிற குரல்.

நான் தரையில் உட்கார்ந்து பீப்பாயைக் கட்டிக்கொண்டேன். கன்னத்தை அதில் வைத்து அழுதேன். கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அளவு இருபதுக்குக் கீழே ஒரு நூல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு குமிழுக்கும் கொஞ்சம் ஆவி வெளியே போய்க்கொண்டிருந்தது. குழாயைக் கட்டைவிரலால் அடைத்தேன். அவள் விரலுக்கடியில் முட்டினாள். மூச்சு முட்டுகிறதோ என்று எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க."

கீழே போய்க்கொண்டிருந்த குச்சிச் சத்தம் நின்றது. பிறகு மேலே வர ஆரம்பித்தது. படிகள் குறுகுவது காதில் கேட்டது.

வீட்டில் இப்போது ஓர் ஆள்தான். மடிக்க யாரும் இல்லை. பார்லிப் பை என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்தத் தடவை கேட்டால் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பார்லி குடித்தது என்றுகூட வேண்டாம். குடி உண்டு என்றால் போதும். அதற்கு மேல் அவர் கேட்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கெடையாதுங்க," என்று வந்தது.