மீனின் செபம்

குருநகர்க் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கும் அருமைநாயகிக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். அந்த அருமைநாயகி நான்தான். சொல்வது பொய்யில்லை. அந்த வாய்தான் எண்பத்தெட்டில் ஒரு குழந்தையின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

ஜேர்மனியிலிருந்து என் தம்பி ஒரு காட்டூன் வீடியோ கசற் அனுப்பியிருந்தான். முதல் நன்மைக்கு ஆயத்தமாகிற பன்னிரண்டு பிள்ளைகளையும் ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரச்சொல்லி, ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டேன். படம் ஜேர்மன் பாஷையில். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எனக்கும்தான். ஆனால் ரீச்சர் அப்படிச் சொல்லலாமா? ரீவிக்குப் பக்கத்தில் நின்று நானே கதை சொன்னேன்.

தாய்மீன் வலையில் அகப்பட்டது. குட்டிமீன் மேலே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அழுததோ, கத்தியதோ, யார் கண்டது?

"பாருங்கோ பிள்ளையள், குட்டி ஆண்டவரிட்டை மன்றாடுது. அம்மாவைக் காப்பாற்றியருளும் எண்டு கேக்குது," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, வலை கிழிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மாதப் பாடத்தை ஒரு மணித்தியாலத்தில் படிப்பித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிசிலியா மட்டும் கைதட்டவில்லை. வலை போடுகிற சிமியோனின் ஒரே மகள், எட்டு வயது.

"ரீச்சர், அப்பா கடலுக்குப் போகேக்கை மீன் கனக்கப் பட வேணுமெண்டு நான் செபிக்கிறனான். மீனும் செபிச்சால் ஆண்டவர் ஆரின்ரை செபத்தைக் கேப்பார்?"

கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும். "ஆர் கூடுதலா மனமுருகிக் கேக்கினமோ, அவையின்ரையை," என்று வெட்டிப் பேசிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனேன்.

புதன்கிழமை சிமியோனின் வள்ளம் அவரில்லாமல் திரும்பி வந்தது. கூடப் போன சூசைதாசன் கரையில் குந்தியிருந்து தலையில் அடித்தார்.

"கடலடி முருகைக்கல்லிலை சிக்கி வலை கிழிஞ்சு போச்சு. குனிஞ்சு இழுத்தவன். அலை அடிச்சுது. பிறகு ஆளைக் காணேல்லை."

வலை கிழிந்தது என்றதும் எனக்கு அந்தப் படம்தான் நினைவில் வந்தது. மடைச்சி, வலை கிழியாத கடல் எங்கே இருக்கிறது என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

அடுத்த நாள் உடல் கரையொதுங்கியது. செத்தவீட்டில் சிசிலியா என் சீலையைப் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, பயம்தான் இருந்தது.

"ரீச்சர், ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து நான் மீனுக்காகத்தான் கேட்டனான். வலை மட்டும் கிழிய வேணுமெண்டு கேட்டனான். சத்தியமா அப்பாவைக் கேக்கேல்லை. ஆண்டவர் ஏன் அப்பாவையும் எடுத்தவர்?"

அடுப்படியில் அவள் உயரத்துக்குக் குந்தினேன்.

"மீன் செபிக்கேல்லையம்மா. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நான் புளுகினனான்."

"நான் செபிச்சது உண்மைதானே, ரீச்சர். ஆண்டவருக்குக் கேட்டதோ?"

ஓம் என்றால், இந்தப் பிள்ளை சாகும்வரைக்கும் தகப்பனைக் கொன்றவளாகவே இருப்பாள். இல்லை என்றால், பதினெட்டு வருஷமாக நான் எதைப் படிப்பித்தேன்?

"இல்லை," என்றேன். "உன்ரை செபம் அவரிட்டைப் போய்ச் சேரேல்லை."

"உண்மையாவோ?"

"மாதாவாணை உண்மை."

சொன்னது என் வாய்தானா என்று எனக்கே நம்பமுடியவில்லை. பிள்ளை பெருமூச்சு விட்டாள். அதன் பிறகுதான் அழுதாள், அப்பா அப்பா என்று வாய்விட்டு. அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். பாவமோ புண்ணியமோ, ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

உள்ளேயிருந்து தாய் கூப்பிட்டாள். "சிசிலியா, வா பிள்ளை. செபமாலையை நீதான் தொடங்க வேணும்."

எங்கள் ஒழுங்கையில் அது வழக்கம். இறந்தவரின் பிள்ளை தொடங்கினால், அந்தச் செபத்தைக் கேட்டு ஆண்டவர் ஆன்மாவை உத்தரிக்கிற ஸ்தலத்து வேதனையிலிருந்து எடுத்து மோட்சத்தில் சேர்ப்பார் என்பார்கள். வீடு நிறையச் சனம் முழந்தாளில் இருந்தது. சிசிலியா சவப்பெட்டியருகே போய்ச் செபமாலையைக் கையில் எடுத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதுகும் போய்ச் சேராதோ, ரீச்சர்?"

தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.