தூங்குமூஞ்சித் தீவு

என் அக்காவின் வாயில் எதுவும் தங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அந்த வயிற்றெரிச்சலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஒரு கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்கிறாள். ராட்டினத்துக்கும் பேய் வீட்டுக்கும் கதை யோசித்துக் கொடுப்பதுதான் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே 'ஐடியா மேடம்'. இந்த வருஷம் பூங்காவுக்குள்ளேயே, படகு விடும் ஏரியை ஒட்டி, வசதியான குடும்பங்கள் வந்து தங்குவதற்கு ஒரு சொகுசு அறை கட்டினார்கள். முழுக்க முழுக்க அக்காவின் யோசனை. திறக்கும் நாளில் முதல் விருந்தாளிகளாக எங்களை அழைத்தாள். "ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க. காசு குடுத்துத் தங்குறவங்க எல்லாம் அப்புறந்தான்" என்றாள்.

என் கணவர் துள்ளிக் குதித்தார். என் மகள் குதிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு இன்னும் சில இரவுகளில் படுக்கை நனைந்துவிடும். அதனால் வேறு எந்த வீட்டிலும் தங்க மாட்டாள். அவள் அப்பாவுக்கே இது தெரியாது. காலையில் அவர் எழுவதற்குள் நாங்கள் இருவரும் காரியத்தை முடித்துவிடுவோம்.

அந்தக் காரியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் இதே தொல்லைதான். என்னோடு ஒரே கட்டிலில் படுத்த அக்கா எனக்காக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். கட்டில்தான் கப்பல். நனைந்தால் கப்பலுக்குள் கடல் வந்துவிட்டது என்று அர்த்தம். நனைத்தவள்தான் கேப்டன், அவளைத் திட்ட ஒருவருக்கும் உரிமை கிடையாது. கேப்டன் கட்டில் காலை இரண்டு முறை தட்டுவாள். உடனே விரிப்பை உருவி, கப்பல் பாய் மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஈரம் என்ன வடிவத்தில் இருக்கிறதோ அது ஒரு தீவு. அதற்குக் கேப்டன் பெயர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாளியும் சோப்பும். அழுதுகொண்டே எழுந்திருக்கும் நான் சிரித்துக்கொண்டே துவைக்கப் போவேன். இத்தனை வருஷமாக அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்றால், அது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அதே விளையாட்டை என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டகூட." சத்தியம் செய்தேன். கொஞ்ச நாள் முன்னால் ஒரு தீவுக்கு அவள் 'தூங்குமூஞ்சித் தீவு' என்று பெயர் வைத்தாள். பார்க்க அப்படியே கன்னம் உப்பித் தூங்குகிற முகம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலம் அக்காவிடம் போனில் உளறிவிட்டேன். அக்காதானே, கப்பலைக் கட்டியவளே அவள்தானே என்று நினைத்தேன்.

பூங்காவுக்கு வர மகளைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரப்பர் விரிப்பை என் பையின் அடியில் துண்டுக்குள் சுருட்டி வைத்துக் காட்டிய பிறகுதான், "சரி, ஒரே ஒரு ராத்திரி" என்றாள். வீட்டுக்கு வெளியே அவள் தூங்கப்போகும் முதல் இரவு. அவளைவிட எனக்குத்தான் படபடப்பாக இருந்தது.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அறை வாசலில் பூங்கா மேலாளர், போட்டோ எடுப்பவர், அக்காவோடு வேலை செய்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. "உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். கண்ண மூடிக்கோ" என்று அக்கா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

கண்ணைத் திறந்தால், எதிரே கப்பல். முன்பக்கம் கூராக வளைந்த பெரிய மரக்கட்டில். சுவரில் வட்ட ஜன்னல்கள், வெளியே ஏரித் தண்ணீர். மூலையில் பித்தளைத் தொட்டி, காலடியில் விரல் புதையும் கம்பளம். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது.

"கட்டில் கால ரெண்டு தடவ தட்டு" என்றாள் அக்கா.

நான் நகரவில்லை, என் கணவர் குனிந்து தட்டினார். விளக்குகள் நீலமாக மாறின. தரையெங்கும் அலை ஓடியது. சுவருக்குள்ளிருந்து ஒரு கட்டைக்குரல், "கேப்டன்! கடல் உள்ள வந்துடுச்சு! பாய் ஏத்துங்க!" என்று கத்தியது. கட்டில் மேலிருந்த பட்டு விரிப்பு கயிற்றோடு சரசரவென்று மேலே ஏறி விரிந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

விரிப்பில் தீவுகள் அச்சிட்டிருந்தார்கள், வெளிர் மஞ்சளில். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். யானைக்காதுத் தீவு, ஒத்தச்செருப்புத் தீவு, கணக்கு வாத்தியார் மூக்கு. அவையெல்லாம் சின்ன வயதில் நான் வைத்த பெயர்கள். மேலாளர் என்னைப் பார்த்து, "ஓ, அந்த கேப்டன் நீங்கதானா! மேடம் எல்லாக் கதையும் சொல்லியிருக்காங்க" என்று பல்லைக் காட்டினார். போட்டோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அந்தக் கடைசித் தீவப் பாரேன்!" என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தூங்குமூஞ்சித் தீவாம்! எவன்யா இந்தப் பேர வெச்சது, பிரமாதம்!"

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைக் குளியலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்க?"

"ஏன்டி, பிடிக்கலையா? உன்ன கேப்டனாக்கி இருக்கேன்!"

"ஊருக்கே சொல்லியிருக்க."

"சொன்னா என்ன? இந்த வயசுல உன்ன யாரு கேலி பண்ணப் போறாங்க? அதோட அந்த வெளயாட்டு நான் கண்டுபிடிச்சதுதானே?"

"வெளயாட்டு உன்னுது. நனஞ்சது நான். இப்ப நனையறது என் பொண்ணு."

"அவ பேர நான் எங்கயும் சொல்லலடி. தீவ மட்டுந்தான் எடுத்துக்கிட்டேன். அழகா இருந்துச்சு" என்றாள். அவள் முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடிவிட்டு முழித்தாலாவது நாலு வார்த்தை கேட்கலாம்; பரிசு கொடுத்தவள் மாதிரி நிற்கிறவளிடம் என்னத்தைக் கேட்பது?

வெளியே வந்தபோது மகள் ஷூவை மாட்டிக்கொண்டு, என் பையைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "வயிறு வலிக்குது. வீட்டுக்குப் போலாம்" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

வழி முழுக்க அவள் என் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டு வாசலில், அவர் காரை நிறுத்தப் போன நேரத்தில் கேட்டாள்.

"நீ சத்தியம் பண்ணினல்ல?"

"பெரியம்மாகிட்ட மட்டுந்தான்டா கண்ணு..."

"பெரியம்மாவும் யார்கிட்டயாவது 'மட்டுந்தான்' சொல்லியிருப்பாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்தேன். அவள் கட்டிலில் விரிப்பு இல்லை. குளியலறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவை இரண்டு முறை தட்டினேன். குழாய் நின்றது.

"கேப்டன்?" என்றேன். "என்ன தீவுடா இன்னிக்கி? பேர் வெச்சியா?"

உள்ளே துணி பிழியும் சத்தம் கேட்டது.

"பேரெல்லாம் வெக்கல" என்றாள். "சும்மா ஈரம்தான். நீ போம்மா."