நாலாயிரத்து முப்பத்தொன்று எந்த இடம்?

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். ஆகையால் நான் ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினால்தான் கேட்காமல் இருக்கலாம். பஞ்சு விற்கும் விலையில் அது நடக்கிற காரியமா?

பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அவருக்குக் குடிநீர் ஆபீசில் வேலை. எங்கள் வட்டாரத்தின் பதினோரு ஆழ்துளை மோட்டார்களும் அவர் பொறுப்பு. மோட்டார்காரர் என்றால்தான் தெருவில் ஆள் தெரியும். அவர் மனைவி சுகாதார ஆபீசின் லேபில் தண்ணீர் சோதிக்கிறவள், எல்லோருக்கும் லேப் அக்கா. இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது.

ஏன் பேசவில்லை என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உலவின. அதில் இரண்டு என் வாயிலிருந்து கிளம்பியவை என்கிறார்கள். ஒன்றைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். நிஜத்தில் நடந்தது ரொம்பச் சப்பையான விஷயம். அவருக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்தது. லேபை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அவரும் போகவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது, உன்னால்தான் நான் இன்னும் மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றார். போயிருக்கலாமே, யார் காலைக் கட்டினது என்றாள். தட்டு நகரும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

சமாச்சாரம் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சீட்டுகளில் போயிற்று. கேஸ் தீர்ந்துவிட்டது. நாளை வர நேரமாகும். கரண்ட் பில் கடைசித் தேதி இன்று. யாருக்கு யார் எழுதியது என்று எதிலும் இருக்காது, சுத்தமான ஆபீஸ் நடை. சர்க்கரை கேட்கப் போகும் சாக்கில் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். சில மாதம் எனக்கு நிறையவே சர்க்கரை தேவைப்பட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்துக்கு ஒரு ஞானோதயம் வந்தது. தண்ணீர் ஆபீஸ் செய்வது சுகாதார ஆபீசுக்குத் தெரிவதில்லை, சுகாதாரம் செய்வது வீட்டு வசதிக்குத் தெரிவதில்லை, எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசினால்தான் நிலைத்த வளர்ச்சி என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ‘ஒரே திரை’ என்று பெயர் வைத்தார்கள். வட்டார ஆபீஸ் சுவரில் ஒரு கட்டில் அகலத்துக்குத் திரை. அதில் பதினேழு கட்டம், ஒவ்வொன்றும் ஓர் இலக்கு. நன்றாக நடந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. மூன்றாவது கட்டம் சுகாதாரம், ஆறாவது கட்டம் தண்ணீர். பெண்டாட்டி மூன்றில், புருஷன் ஆறில். வீட்டில் பேசாதவர்களை அரசாங்கம் ஆபீசில் பேச வைத்துவிட்டது என்று நான் தெருமுழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நன்றாக எடுபட்ட நகைச்சுவை.

அந்தத் திரை வேலை செய்யும் விதத்தை மோட்டார்காரர் எனக்கு ஒருமுறை விளக்கினார், அவருக்கும் பேச ஆள் வேண்டுமே. சோதிக்க எடுத்த தண்ணீர் லேபுக்கு வரும்போது பாட்டிலில் வெறும் நம்பர்தான் இருக்கும். எந்த இடத்துத் தண்ணீர் என்று லேப் ஆளுக்குத் தெரியாது. தெரிந்தால் சொந்தத் தெருவுக்குச் சலுகை காட்டிவிடுவார்களாம். தண்ணீர் ஆபீஸ் டேப்லெட்டில் அந்த நம்பரும் இடமும் வரும், சிவப்பா பச்சையா என்று வரும். ஆனால் தண்ணீரில் என்ன கோளாறு என்று வராது. அந்த விவரம் சுகாதாரத்தின் சொத்து. இரண்டும் சேர்ந்து தெரிவது மேலே, பெரிய ஆபீஸ் திரையில் மட்டும். அங்கே உள்ளவர்களுக்கு நிறத்தைப் பார்க்கத்தான் நேரம்.

மழை ஓய்ந்த மாதம் அவர்களுடைய மகள் இரண்டு மாதப் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, திரும்ப நாலு மாதம் ஆகும். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்கு டப்பாப் பால்தான். அந்த இத்தனூண்டு ஜீவன் வந்த பிறகு வீடே மாறிப்போனது. இரண்டு பேரும் குழந்தையிடம் பேசினார்கள், குழந்தை வழியாகவும் பேசினார்கள். “தாத்தாவுக்குச் சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுடி தங்கம்” என்று ஒரு குரல். தாத்தா குளித்துவிட்டு வருவதாகச் சொல்லும்படி இன்னொரு குரல். தலை நிற்காத குழந்தைக்குத் தபால் உத்தியோகம். இன்னும் ஒரு மாதம் போனால் நேராகவே பேசிவிடுவார்கள் என்று நான் தெருமுனைத் தையற்காரியிடம் பந்தயம் கட்டினேன்.

அந்த வாரம்தான் லேபுக்கு நாலாயிரத்து முப்பத்தொன்று வந்தது. சாதாரண பாட்டில், தெளிந்த தண்ணீர். வாசனை இல்லை, கிருமி இல்லை. நைட்ரேட் என்கிற உப்பு மட்டும் அளவுக்கு மேல் நாலு மடங்கு. பெரியவர்கள் குடித்தால் தாங்கிக்கொள்வார்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகவே ஆகாது என்பது அவளுக்கு மனப்பாடம். அளவைத் திரையில் ஏற்றினாள். சிவப்பு விழுந்தது.

இந்தப்பக்கம் மோட்டார்காரர் டேப்லெட்டில் எங்கள் தெருவின் பெயருக்கு நேராகச் சிவப்பு. என்ன சிவப்பு என்று இல்லை. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரிந்த சிவப்பு ஒன்றுதான்: கிருமி. மழைக்காலம் முடிந்தால் வருகிற வழக்கமான வியாதி. என்ன கோளாறு என்று போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த லேப் போனை எடுப்பது யார்? கேட்பதற்குப் பதில் அவரே போய்த் தொட்டியைக் கழுவினார், பிளீச்சிங் பவுடர் இரண்டு பங்கு போட்டார், குழாயைத் திறந்து ஒரு நாள் முழுக்க வழிய விட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நாலாவது நாள் ‘சரிசெய்யப்பட்டது’ என்று தட்டினார். பச்சை.

லேபில் அக்கா அந்தப் பச்சையைப் பார்த்தாள். நைட்ரேட் எப்படி நாலு நாளில் சரியாகும் என்று ஒரு நிமிஷம் நெற்றியைச் சுருக்கினாளாம். பின்பு, அந்தக் கிணற்றையே மூடியிருப்பார்கள், எந்தக் கிணறோ, என்று விட்டுவிட்டாள். கேட்க வேண்டுமென்றால் அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும். இதெல்லாம் பின்னால் அவளே என்னிடம் சொன்னது.

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜில் அவர் கையெழுத்தில் புதுச் சீட்டு. ‘குழந்தைக்குத் தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்க வைக்கவும்.’ மூன்று வருஷத்தில் இன்னார்க்கு என்று எழுதிய முதல் சீட்டு அதுதான். அதன் அடியில் அவள் ஒரே சொல் எழுதினாள். ‘சரி.’ நான் அதைப் படித்துவிட்டு, ஆகா, பனி உருகுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, அது அடியில் இன்னும் கெட்டிப்படும். இது அக்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது, தன் அடுப்பில் கொதிப்பது நாலாயிரத்து முப்பத்தொன்று என்பது. அவருக்கு நம்பரும் தெரியும், இடமும் தெரியும். அவருக்குத் தெரியாதது மீதி. இரண்டையும் சேர்த்தால் ஒரு வாக்கியம். அடுக்களையில் நின்று சொல்லக்கூடியது.

ஐந்தாறு நாளில் குழந்தையின் உதடு மை தொட்ட மாதிரி இருந்ததை முதலில் பார்த்தது நான்தான். குளிர் என்றேன், துணியால் நன்றாகச் சுற்றச் சொன்னேன். தெருவில் எதற்கும் என்னிடம் ஒரு யோசனை இருக்கும். அடுத்த நாள் காலை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறம். மகள் அலறியதில் நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். வழியில் கொடுக்க வேண்டுமே என்று அடுக்களையிலிருந்து கொதித்த தண்ணீர் பிளாஸ்கை மறக்காமல் எடுத்துக்கொண்டவளும் நான்தான். மோட்டார்காரர் பம்ப் ரூமிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் கிரீஸோடு.

டாக்டர் சின்னப் பெண். ஊசியில் எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. குழந்தைக்கு என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

என் மடியில் பிளாஸ்க். லேப் அக்கா அந்த ரத்தத்தைப் பார்த்தாள், பிளாஸ்கைப் பார்த்தாள், அப்புறம் புருஷனை நேராகப் பார்த்தாள்.

“நாலாயிரத்து முப்பத்தொண்ணு எந்த இடம்?”

அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தார்.

“நம்ம தெரு மோட்டார்.”

மூன்று வருஷம் கழித்து அவர்கள் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான். தையற்காரியிடம் கட்டிய பந்தயத்தில் நான் ஜெயித்தேன்.

அதற்கு ஒரு மருந்து இருக்கிறதாம், ஊசியில் ஏற்றினால் நிறம் திரும்பிவிடுமாம். அங்கே அது தீர்ந்திருந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் திரை காட்டியது. கேட்டார்கள், அனுப்பினார்கள், மத்தியானம் வந்தும் சேர்ந்தது. அதற்குள் குழந்தைக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது.

மாப்பிள்ளை எந்தத் துறைமுகத்திலோ இறங்கி விமானம் பிடித்து வந்தான். மகளைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அவள் அப்பாவிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. குழந்தையின் சாவு, மகளின் விலாசத்தை வைத்து அவள் ஊர்க் கணக்கில் ஏறியது. எங்கள் வட்டாரத்தின் மூன்றாவது கட்டத்தில், சிசு மரணம் என்ற வரிசையில், பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

குழந்தை போன மறுநாளே மோட்டார்காரர் பம்ப் ரூமுக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெருவில் தண்ணீர் இல்லை. லாரி கேட்டோம். உங்கள் தெரு பச்சை, பச்சைக்கு லாரி கிடையாது என்றார்கள். இரண்டாம் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய்ச் சத்தம் போட்டவர்களில் நானும் இருந்தேன். துக்க வீட்டு வாசல் என்று ஒரு நிமிஷம் தயங்கினோம், ஒரு நிமிஷம்தான். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து வேறு ஆள் புது ஃபியூஸோடு வந்து மோட்டாரைப் போட்டான்.

அக்கா லேபில் மறுபடி சோதிக்கப் பார்த்தாள். சரிசெய்யப்பட்ட இடத்துக்கு அடுத்த சோதனை தொண்ணூறு நாள் கழித்துத்தான் என்றது திரை. அவர் தன் பச்சையைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். அதற்கு மேலதிகாரி அனுமதி வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கேட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். வருஷ விழா முடியட்டும், நம் வட்டாரம்தான் முதலிடம், இந்த நேரத்தில் சிவப்பு வேண்டாம் என்றாராம்.

விழாவுக்கு நான் போயிருந்தேன். இலவச டீ என்றார்கள். மேடையில் பதினேழு கட்டமும் பச்சையாக மின்னிய திரை. துறைகளுக்குள் ஒருங்கிணைப்பில் சாதனை என்று ஒரு கேடயம் இருந்தது. சிவப்பு விழுந்து மிகக் குறைந்த நாளில் பச்சை ஆனது எங்கே என்று திரையே கணக்குப் போட்டு எடுத்துக் கொடுத்ததாம். நாலே நாள். எங்கள் தெரு. அதைச் சாதித்த இரண்டு ஊழியர்கள் தம்பதி என்பது தற்செயலான மகிழ்ச்சி என்றார் மைக்கில் பேசியவர். என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர்கள் மேடை ஏறுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏறினார்கள். கேடயத்தின் ஒரு முனையை அவர் பிடித்தார், இன்னொரு முனையை அவள் பிடித்தாள். போட்டோ எடுத்தார்கள். இரண்டு துறையும் இவ்வளவு வேகமாக எப்படிப் பேசிக்கொண்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார் அதிகாரி.

லேப் அக்கா மைக்கைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

“நாங்க பேசிக்கவே இல்ல சார்.”

அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. முன்வரிசையில் சிரித்தார்கள், பின்வரிசையில் கை தட்டினார்கள். அடுத்த கேடயத்துக்குப் பெயர் வாசித்தார்கள்.

அதற்குப் பின் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் இரண்டு பேரும் தெருவில் இறங்குகிறார்கள். அவர் அந்தப்பக்க வீடுகள், அவள் இந்தப்பக்க வீடுகள். கைக்குழந்தை இருக்கிற வீடு, பிறக்கப்போகிற வீடு எல்லாவற்றிலும் நின்று, கொதிக்க வைத்தாலும் ஆகாது, வெளியிலிருந்து தண்ணீர் வாங்குங்கள் என்று சொல்கிறார்கள். சிலர் கேட்கிறார்கள். திரையில் பச்சைதானே காட்டுது என்று சிலர் போனை எடுத்து அவர்களுக்கே காட்டுகிறார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பேர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் அதை நான் நாலு வீட்டுக்குக் கொண்டு போயிருப்பேன்.

போன வாரம் சர்க்கரை கேட்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் கொதிக்க வைக்கச் சொன்ன சீட்டு அப்படியே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இப்போது பேசிக்கொள்கிறார்கள். சுவர் வழியாக நன்றாகவே கேட்கிறது. சாப்பாட்டைப் பற்றி இல்லை, மகளைப் பற்றி இல்லை. தினமும் ஒரே பேச்சுதான்.

“கடைசி வீட்டுல சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு. நாளைக்கு இன்னொரு தடவ சொல்லணும்.”

அப்புறம் பாத்திரச் சத்தம். விடிந்தால் மோட்டார் ஓடும் சத்தம்.