போர்வையின் வயிறு

தீபலட்சுமி எழுதும் தொடர்கதையின் முப்பத்தோராவது அத்தியாயத்தில் கதாநாயகன் சூர்யநாராயணனும் கதாநாயகி ஸ்நேகாவும் ஒரு கட்டிலில் போர்வை விரித்தார்கள். அவன் மூன்று கம்பெனிகளுக்கு முதலாளி. வீட்டுக் கட்டாயத்துக்காக அவளுக்குத் தாலி கட்டியவன். மலைமேல் மழையில் மாட்டிக்கொண்டதில், கிடைத்த ஓட்டலில் ஒரே அறை, ஒரே கட்டில். இந்த மாதிரிக் கதைக்கு இதெல்லாம் சாம்பாருக்குப் பருப்பு போல. இல்லையென்றால் வாசகிகள் சும்மா விடமாட்டார்கள்.

'எதிரெதிரே நின்று போர்வையை விரித்தார்கள். முதுகை இறுக்கி, கால்களை இழுத்து, வயிற்றைக் கடைசியில் மெல்ல இழுத்துவிட்டபோது விரல்கள் உரசிக்கொண்டன' என்று முடித்து, பம்மல் போகும் ஷேர் ஆட்டோவிலேயே உட்கார்ந்து கதைச் செயலியில் ஏற்றிவிட்டாள்.

நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். 'வழிப்போக்கன்' என்ற பெயரில் ஒரு ஆள் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: 'போர்வைக்கு ஏது வயிறு? ஆனாலும் வயிற்றைக் கடைசியில் இழுத்தது சரி.'

படித்ததும் அவளுக்குக் காது சுட்டது. முதுகும் காலும் வயிறும் தோலுக்குத்தான் உண்டு. பம்மல் தோல் ஷெட்டில் எட்டு வருடமாக அவள் செய்வது அந்த வேலைதான். ஈரத்தோலை இரும்புச் சட்டத்தின்மேல் போட்டு, பக்கத்துக்கு ஒரு ஆளாக நின்று இழுத்து, ஓரமெல்லாம் கிளிப் மாட்டிக் காயவிட வேண்டும். வயிற்றுப் பக்கம் தோல் மெலிசு. அவசரப்பட்டு அதை முதலில் இழுத்தால் கிழிந்துவிடும். நாளைக்கு நூறு தோல் இழுக்கிற கை, ஓட்டல் போர்வையையும் தோலாகவே இழுத்துவிட்டது.

தப்பைத் திருத்திவிட்டாள். மனசு மட்டும் அங்கேயே நின்றது. முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டாவது வரியை, தோல் இழுத்த ஆளைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

ஷெட்டில் பத்தொன்பது பேர். தான் புனைபெயரில் கதை எழுதுவதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. பக்கத்துச் சட்டத்து ரத்தினபாய் அக்காவுக்கு பஸ் நம்பரைத் தவிர வேறெதையும் படிக்கிற பழக்கமில்லை. சூப்பர்வைசர் முனிரத்தினம் போனில் பார்ப்பது கபடி. மிச்சமிருந்தவர்களில் அவள் மனசு போய் நின்ற இடம் தன் சட்டத்தின் எதிர்ப்பக்கம்: ஜெபசீலன்.

இந்த வேலையில் ஜோடியை லேசில் மாற்றமாட்டார்கள். ஒரு பக்கம் இழுக்கிற இழுப்பு மறுபக்கத்துக் கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தோல் கோணும். ஜெபசீலன் நாலு வருடமாக அவள் ஜோடி. முப்பத்திரண்டு வயது. நகக்கண்ணில் சாய நீலம். அவளைப் பார்த்து நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் ஆறு 'ம்'. ராணிப்பேட்டையில் ஒரு ஷெட்டில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று திங்களன்று முனிரத்தினம்தான் வாயைவிட்டார். அன்றைக்கு அவள் மூன்று தோலைக் கோணலாக இழுத்தாள்.

அவன் போகக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தன்மேல் ஏதாவது இருக்கிறதா என்பது தெரியவில்லை. அந்தக் கதையை முப்பத்தொரு அத்தியாயம் ஒரு ஆம்பிளை படித்தான் என்றால் சும்மா படித்திருக்க மாட்டான். அப்படியானால் வழிப்போக்கன் அவன்தானா? கதையில் நடந்ததை அப்படியே அவன் எதிரில் நடத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள். படித்தவனாக இருந்தால் முகத்தில் ஏதாவது தெரியாமலா போகும்?

புதன்கிழமை, முதல் அத்தியாயம். ஸ்நேகா ஆபீஸ் வாசலில் சூர்யநாராயணன்மேல் மோதுவாள். காகிதங்கள் பறக்கும். அவன் அவளைத் தாங்கிப் பிடிப்பான். ஜெபசீலன் தோளில் ஈரத்தோல் கட்டோடு வந்த நேரம் பார்த்து இவள் வாசலில் போய் மோதினாள். ஈரத்தோல் பறக்காது. சொத்தென்று விழுந்தது. கூடவே இவளும் விழுந்தாள்.

அவன் குனிந்து தோலைப் புரட்டிப் பார்த்தான். "நல்லவேள, கீறல் படல," என்றான்.

"நானும்தான் விழுந்துகினு கீறேன்," என்றாள்.

"நீ எந்திரிச்சுக்குவ. தோலு எந்திரிக்குமா?"

ரத்தினபாய் சட்டத்துக்குப் பின்னாலிருந்து, "இன்னாடி, கண்ணு அவிஞ்சு போச்சா? அம்மாம் பெரிய வாசல்ல அவன்தான் கெடச்சானா?" என்றாள்.

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை, பன்னிரண்டாவது அத்தியாயம். ஸ்நேகா மயங்கி விழுவாள். காலையிலிருந்து சாப்பிடாததால் மயக்கம் என்று டாக்டர் சொல்வார். சூர்யநாராயணன் அவளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஓடுவான். பகல் பதினோரு மணிக்கு, நல்ல பெரிய தோல் ஒன்றைப் பாதி இழுத்திருந்தபோது தீபலட்சுமி கண்ணைச் செருகிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கீழே விரித்திருந்த கோணியைப் பார்த்துத்தான் சாய்ந்தாள்.

"கிளிப்ப வுடாத, கிளிப்ப வுடாத," என்று அவன் குரல் கேட்டது.

அவள் விட்டுவிட்டாள். விழித்திருப்பது தெரியாமல் ஒற்றைக்கண் இடுக்கில் பார்த்தாள். அவன் ஓடி வந்தது உண்மை. வந்த வேகத்தில் அவளைத் தாண்டிக் காலை வைத்து, அவள் விட்ட ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தோல் சுருண்டுவிடாமல் இரண்டு கையையும் அகலவிரித்து நின்றான். தாண்டி நின்ற அவன் காலுக்கு நடுவில் தீபலட்சுமி கிடந்தாள். கதையில் எழுதினால் வாசகிகள் செருப்பைக் கழற்றியிருப்பார்கள்.

ரத்தினபாய் ஒரு சொம்புத் தண்ணியை அப்படியே முகத்தில் ஊற்றினாள். தண்ணி மூக்கில் ஏறி, தீபலட்சுமி தும்மிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆறு இட்லி தின்னுட்டு எவளாவது மயங்குவாளாடி? பேஜாரா பூட்ச்சு உன்னோட," என்றாள் ரத்தினபாய்.

முனிரத்தினம் வந்து பார்த்துவிட்டு, அரை மணி நேரம் வெளியில் உட்காரச் சொன்னார். ஷெட்டுக்குப் பின்னால் தண்ணித் தொட்டி ஓரம் உட்கார்ந்தாள். தலைக்குமேல் ஒரு விமானம் தாழ்ந்து மீனம்பாக்கம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓயும்போது ஜெபசீலன் கையில் ஒரு கோலி சோடாவோடு வந்து நின்றான்.

"பன்னெண்டாவதுல அவன்தான் தண்ணி தெளிச்சான்," என்றான். "இங்க அக்கா முந்திக்கிச்சு."

அவள் சோடாவை வாங்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"அப்ப வயிறு கேட்டது நீயா?"

"ம்."

"எழுதுனது நான்தான்னு எப்டித் தெரியும்?"

"தேவதர்ஷினி படிக்குது." அது அவன் தங்கை. சிட்லபாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் டீச்சர். "பெட்ஷீட்டுக்கு வயிறாம்ணான்னு படிச்சுக் காட்டி உருண்டு சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. கடசீல மெல்ல இழுக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா? அப்பறம் மொதல்லேர்ந்து படிச்சேன். மூணு நாளு ஆச்சு."

"எப்டிக் கீது?" கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

அவன் யோசித்தான். "அவன் வேலைக்கே போவ மாட்றானே. மூணு கம்பெனிய யாரு பாக்கறது? அப்பால, ஆள மூணு மாடி தூக்கினு ஓடுனான்னு எழுதிக்கீற. ஈரத்தோலு நாலு தூக்கிப் பாரு, ஒரு மாடில நாக்கு தள்ளிரும்."

"நேத்து மோதுனப்பவே தெரியும்ல? ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நாளைக்கு இன்னா பண்றன்னு பாக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த இடத்தில் கதாநாயகி அழுதுகொண்டே ஓட வேண்டும். மழை பெய்ய வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது, ஓடுவதற்கு இடமுமில்லை. நேராகவே கேட்டாள்.

"ராணிப்பேட்டைக்குப் போறியா?"

"அந்த ஷெட்டுக்காரன் ஜோடியா வரச் சொல்றான். ஒத்த ஆளு வோணான்றான்."

"எங்கிட்ட நீ கேக்கவேயில்லயே."

"இன்னான்னு கேக்கறது? ஊர வுட்டு வான்னா, எதுக்குன்னு கேப்ப. வேலைக்குன்னு சொன்னா அது பொய்யி." இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. "வேற எதுக்குன்னு சொன்னா, நீ மூணு கம்பெனிக்காரன எழுதறவ."

"அது அவுங்க கேக்கறாங்கன்னு எழுதறது," என்றாள். "நான் ராணிப்பேட்டைக்கு வரமாட்டேன். எங்கம்மாவ வுட்டுட்டு வரமுடியாது. நீயும் போவாத."

"ஏன்?"

"சொன்னாதான் தெரியுமா?"

"சொல்லு. நான் கேக்கணும்."

அவள் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தன் கதையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பாள். இங்கே மூன்று வார்த்தையில் முடிந்தது, அதுவும் இன்னொரு விமானச் சத்தத்துக்கு நடுவில். அவன் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. போனை எடுத்து, அவள் எதிரிலேயே நம்பரைப் போட்டான்.

"அண்ணா, ஜெபசீலன். ஜோடி வரல. நானும் வரல... இல்லண்ணா, யோசிச்சாச்சு."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றான்.

"எங்கம்மா மொதக் கேள்வியே நீ சர்ச்சுக்கு வருவியான்னுதான் கேக்கும்," என்றான்.

"எங்கம்மா நீ கோயிலுக்கு வருவியான்னு கேக்கும். ரெண்டு பேரையும் ஒரே எடத்துல உக்கார வெச்சுரணும்."

"அடிச்சுக்குவாங்க."

"அடிச்சுக்கட்டும். பாப்போம்."

உள்ளேயிருந்து முனிரத்தினம், அரை மணி ஆகிவிட்டது என்று கத்தினார். தீபலட்சுமி சோடாவை வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியை அவனிடம் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்கு உங்க வூட்டுக்கு அம்மாவக் கூட்டினு வர்றேன்," என்றாள். "மீனு வாங்கி வை. சும்மா டீ குடுத்து அனுப்பிடாதீங்க."