யோசிச்சு சொல்றேன்

அக்கா கடைசியாக என்னிடம் கேட்டது பாத்திரங்களைப் பற்றி.

“டேய், நிஜமா சொல்லு. கல்யாணம் ஆகாத தடியனுங்க மூணு பேர் இருக்கற வீட்ல சமையல்கட்டு இப்படியா பளபளன்னு இருக்கும்?”

“என்னைப் பாத்துத்தான் கேக்கறியா?”

“உன் ஒருத்தனுக்கே எனக்குக் கை ஓய்ஞ்சு போகுது. மூணுன்னா ஆள் வெச்சாத்தான் கட்டுப்படியாகும்.”

அவளுடைய திரையில் ஓர் இந்திப் படம் பாதியில் நின்றிருந்தது. மூன்று பிரம்மச்சாரிகள், ஆளுக்கொரு மோசமான காதலி. மூவரும் மாறி மாறி அந்தப் பெண்களைத் திட்டுவதுதான் கதை. காதல் நகைச்சுவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிரிக்க ஒரு படம் வருகிறது என்று ஒரு வாரமாகக் காத்திருந்தவள், இதுவரை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

இந்தியைக் கேட்டுத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது அவள் வேலை. எந்த வரி எந்த நொடியில் வந்து எந்த நொடியில் மறைய வேண்டும் என்று வைப்பது என் வேலை. ஒரே மேசை, இரண்டு கணினி, பதினோரு வருடம்.

வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. “துணி நனைஞ்சிடும், இரு” என்று மாடிக்குப் போனாள். துணி நனையவில்லை. கூடையோடு படியிறங்கும்போது இதயம் நின்றிருக்கிறது என்று பிறகு மருத்துவர் சொன்னார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது சிதறிய துணிகளின் மேல் கிடந்தாள்.

ஆறாம் நாள், எங்களுக்குப் படம் அனுப்பும் நிறுவனத்து மேலாளர் கூப்பிட்டார். “கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு சார். ஆனா தேதி நெருங்கிடுச்சு. மொத்தமா வேற ஆளுகிட்டக் கொடுத்துடறோம்.”

மொத்தமாக என்றால் அவள் எழுதிவைத்த அத்தனை வரிகளும் போய்விடும். “ரெண்டு நாள் கொடுங்க. மிச்சத்தை நான் முடிக்கறேன்” என்றேன். கேட்டுக் கேட்டு எனக்கும் இந்தி புரியும். எழுதத்தான் துணிந்ததில்லை.

மிச்சம் அதிகமில்லை. எந்தப் படமானாலும் அக்கா கடைசிக் காட்சியைத்தான் முதலில் எழுதுவாள். எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்தால்தான் வழியில் உளறாமல் இருக்கலாம் என்பாள். நடுவில் இருபது நிமிடம்தான் காலியாக இருந்தது. அதை எப்படியோ நிரப்பிவிட்டு, அவள் எழுதியிருந்த கடைசிக் காட்சியை ஓட்டினேன்.

படம் முழுக்க நாயகியைக் கேவலமாகப் பேசியவன் பூங்கொத்தோடு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் அழுதுகொண்டே திறக்கிறாள். நீ வருவாய் என்று தெரியும், உன்னை விட்டால் நான் எங்கே போவேன் என்று இந்தியில் சொல்கிறாள். கீழே அக்காவின் தமிழ் வந்தது: “வந்துட்ட, சரி. யோசிச்சு சொல்றேன்.”

படத்தை நிறுத்திவிட்டேன்.

அக்கா அப்படிப் பிழை விடுகிறவள் இல்லை. படம் மட்டமாக இருந்தால் மட்டமாகவே தெரியட்டும், தூக்கி நிறுத்துவது நம் வேலை இல்லை என்பவள். ஆனால் அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. நான் தூங்கி வழிகிறேனா என்று பார்க்க நடுவில் ஒரு பொய் வரி வைப்பாள். வில்லன் துப்பாக்கியைத் தூக்கும் இடத்தில், ‘இன்னிக்குத் தண்ணி பிடிக்கறது உன் முறை’ என்று இருக்கும். “பிடிச்சுத் தொலைக்கறேன்” என்று நான் கத்தியதும் சிரித்துக்கொண்டே அழிப்பாள். ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை.

இதுவும் அதுதானென்றால் திருத்தியாக வேண்டும். பிழையோடு ஒரு படம் போவது அவளுக்குப் பொறுக்காது.

ஆனால் அது இல்லையென்றால்?

முதல் தடவை அவள் கணவரை விட்டு என்னிடம் வந்த நான்காம் நாள், மாமா இந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. “கிளம்பு” என்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “வேற எங்கடா போவேன்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். போகாதே என்று நானும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவளுடைய இடது கையில் ஒரு விரல் மடங்கவில்லை. மற்ற ஒன்பது விரல்களால்தான் இத்தனை வருடமும் எழுதினாள்.

கேட்பதற்கு அவள் இல்லை. வரியைத் தொடாமல் அனுப்பினேன்.

மறுநாள் நிறுவனத்தில் சரிபார்க்கும் பெண் கூப்பிட்டாள்.

“அண்ணா, கடைசி சீன்ல அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லவே இல்லையே.”

“இல்லம்மா.”

“தெரிஞ்சேவா விட்டிருக்கீங்க? மாத்திடவா?”

“அக்கா எழுதினது. இருக்கட்டும்.”

“மேல யாராச்சும் கேட்டா?”

“எனக்கு இந்தி அரைகுறைன்னு சொல்லிடு.”

அந்தப் பக்கம் ஏதோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. “யாருண்ணா கேக்கப்போறாங்க. இந்தப் படத்தை அதுவரைக்கும் உக்காந்து பாக்கறது நாம ரெண்டு பேராத்தான் இருக்கும்.”

அவள் வாக்கு பலித்தது. ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போன படம், இப்போது இணையத்தில் எங்கோ அடியில் கிடக்கிறது. எப்போதாவது கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். போன வாரமும் பார்த்தேன். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வாயசைத்து நிறையப் பேசுகிறாள். கீழே நான்கே சொற்கள், நான்கு நொடி நிற்கின்றன.